தோற்புற்றும் புறமருந்தும்

(மாதனூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

   

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியன், நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேச வந்தது ஏன் என்று உங்களுட் சிலர் எண்ணலாம். மொழி என்பது பாட்டிலும் உரையிலும் மட்டும் வாழ்வதன்று. நோயுற்றவன் மருத்துவர்முன் அமர்ந்து, தனக்கு நேர்ந்தது இன்னதென்று கேட்டறியும் அந்த ஒரு நொடியிலும் அது வாழ வேண்டும். அந்த நொடியில் தாய்மொழி வாய்மூடி நிற்குமாயின், நாம் மேடைதோறும் பேசும் மொழிப்பற்றால் அவனுக்கு என்ன பயன்? ஆகலின், ஒரு நோயையும் அதற்குரிய ஒரு மருந்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றைத் தமிழில் விளங்கச் சொல்ல முயல்கிறேன்.

பாலாற்றங்கரையில் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடைப்பட்ட நம் மாதனூர், தோலால் வாழும் நிலத்தின் நடுவே இருக்கிறது. ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட அந்நாள் முதல், குரோமிய உப்பால் பதனிடும் இந்நாள்வரை, இப்பகுதி மக்களுக்குத் தோலைப் பற்றிய அறிவு கைவந்த ஒன்று. ஆட்டுத்தோலை விரித்துப் பிடித்த அளவிலேயே, உண்ணி கடித்த வடு எது, கத்தி பட்ட கீறல் எது என்று விரல்நுனியால் தடவிச் சொல்லிவிடுவர். ஆனால் அவ்வறிவு வாய்ந்தவரே தம் தொடையிலும் முதுகிலும் பல்லாண்டாக இருக்கும் ஒரு திட்டினைத் திரும்பியும் பாரார். கேட்டால், "சுண்ணாம்புத் தொட்டி வேலை, தோல் அப்படித்தான் இருக்கும்" என்பர். பெரும்பாலும் அவர் சொல்வது மெய்யே. சுண்ணாம்பும் குரோமியமும் சாயமும் பட்டுத் தோல் வெடிப்பதும், அரிப்பதும், புண்ணாவதும் இத்தொழிலில் உண்டு. அம்மெய்யின் மறைவிலே வேறொரு நோய் ஒளிந்துகொள்ளவுங்கூடும் என்பதே நான் சொல்ல வந்தது.

அந்நோயின் பெயர் தோல் நிணநீர்ப்புற்று. நம் குருதியிலும் நிணநீரிலும் வெள்ளணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகை, தோலுக்குள் வந்து காவலிருந்து, நோய்க்கிருமி நுழையின் எதிர்ப்பது. அக்காவலணுக்களே தம் ஒழுங்கு மாறி, அளவின்றிப் பெருகித் தோலில் தங்கிவிடுவதே இந்நோய். மேல்தோலின் அணுக்களில் தோன்றும் பிற தோற்புற்றுகளினின்று இது வேறானது. இஃது அரிய நோய். பத்து இலக்கம் மக்களில் ஓராண்டில் சிலரே இதற்கு ஆளாவர். ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவதன்று. ஒரே தட்டில் உண்பதாலும் ஒரே பாயில் உறங்குவதாலும் வாராது. பதனிடும் தொழிலால் வருவது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. அதன் மூலம் இன்னதென்று மருத்துவ உலகம் இன்னும் கண்டறியவில்லை.

இதில் மிகுதியாகக் காணப்படும் வகைக்கு மேலைநாட்டு மருத்துவர் வழங்கும் பெயர் "மைக்கோசிசு பங்காயிடிசு" என்பது. கிரேக்கமும் இலத்தீனும் கலந்த அப்பெயரின் பொருள், காளான் போன்ற காளான் நோய் என்பதாகும். 1806-இல் பாரிசு நகர மருத்துவர் அலிபெர் என்பார் இந்நோய் முற்றிய ஒருவரைக் கண்டார். அவர் உடலில் எழுந்திருந்த கட்டிகள் காளான் வடிவில் இருந்தமையால் பின்னர் அப்பெயர் நிலைத்தது. உண்மையில் இந்நோய்க்கும் காளானுக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை! ஆங்கிலப் பெயரே அறிவியற் பெயர் என்றும், தமிழ்ப்பெயர் அறிவியலுக்கு ஒவ்வாதது என்றும் சொல்வோர்க்கு இதனை விடையாக வைக்கிறேன். அயற்பெயர் ஈரிடத்தும் காளான் என்று பொய் சொல்கிறது. "தோல் நிணநீர்ப்புற்று" என்னும் தமிழ்ப்பெயரோ நோய் எங்கே இருக்கிறது, எதில் தோன்றியது, எத்தன்மையது என்னும் மூன்றனையும் ஒரு தொடரிலேயே உணர்த்திவிடுகிறது.

இனி, இந்நோய் தோன்றும் முறையைக் காண்போம். முதலில் திட்டு, பின்னர்த் தடிப்பு, முற்றிய நிலையில் கட்டி. பலர்க்குத் திட்டு நிலையிலேயே பல ஆண்டுகள் கழியும். வெயில் படாத, ஆடை மூடிய இடங்களான இடுப்பு, பிட்டம், தொடை, மார்பு, முதுகு ஆகியவற்றிலேயே பெரும்பாலும் தோன்றும். இங்கே தொழிலாளர் உளங்கொள்ளத்தக்க ஒரு குறிப்பு உண்டு. வேலையால் வரும் தோலழற்சி பெரும்பாலும் மருந்துநீர் படும் கைகளிலும் முன்கைகளிலும் வரும். விடுப்பில் இருக்கும் நாள்களில் தணியும். மூடிய இடத்தில் தோன்றி, வேலைக்குச் சென்றாலும் செல்லாவிடினும் மாறாது நிற்கும் திட்டினைத் தொழிலின்மேல் ஏற்றிச் சொல்லிவிடலாகாது. நம்போன்ற கருநிறத் தோலினர்க்கு, இளையோர்க்குங்கூட, இந்நோய் நிறம் வெளுத்த திட்டாகவும் தோன்றுவதுண்டு.

வெளுத்த திட்டு என்றவுடன் நம் மக்கள் உள்ளத்தில் எழுவது தொழுநோய் அச்சமே. இம்மண்ணில் அவ்வச்சத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆய்வு நடுவம் தொடங்கப்பெற்றது. 1981-இல் உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைத்த கூட்டுமருந்தால் அந்நோய் முற்றும் தீரத்தக்கதாயிற்று. ஆயினும், தீரும் நோய்க்கு அஞ்சித் திட்டினை ஆடைக்குள் மறைப்போர் இன்றும் உளர். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குன்றும். நிணநீர்ப்புற்றின் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி இருக்கும், அரிப்பும் இருக்கலாம். எனினும் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிதல் மருத்துவர்க்கே அரிது. எதுவாயினும் மறைப்பது கேடு, காட்டுவதே நலம்.

மறைக்காதவரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. படர்தாமரை என்று தாமே முடிவு செய்து, கடையில் ஏதேனும் ஒரு களிம்பினைக் கேட்டு வாங்கிப் பூசுவர். அக்களிம்புகள் பலவற்றில் இசுட்டீராய்டு கலந்திருக்கும். அதனால் அரிப்பு அடங்கும். திட்டும் சற்றே மங்கும். நோய் மட்டும் உள்ளே இருக்கும். பின்னர் மருத்துவர் ஆய்ந்தாலும் நோயின் உண்மை வடிவம் மறைந்து நிற்கும். இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று நடுவணரசு 2018-இல் ஆணையிட்டது. ஆணையை நாம் மதித்தாலன்றோ அது காக்கும்?

நோயை உறுதி செய்யும் வழி, திட்டிலிருந்து சிறு தோல்துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆய்வதே. ஒருமுறை எடுத்ததில் தெளிவு பிறவாமல், சில திங்கள் கழித்து மீண்டும் எடுக்க நேர்வதும் உண்டு. அதனை மருத்துவரின் அறியாமை என்று கொள்ளற்க. இந்நோயின் இயல்பே அது. நமக்கு இவ்வாய்வு எட்டாத் தொலைவில் இல்லை. ஐடா இசுகடர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்த்த வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, நமக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே இருக்கிறது.

இனி மருந்துக்கு வருவோம். ஒரு தொழிலாளியின் நோய் உறுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் "லிம்போமா; டாப்பிகல் கீமோதெரபி தொடங்க வேண்டும்" என்று சொல்லப்படுகிறது. அவர் காதில் விழுந்தது "கீமோதெரபி" என்னும் ஒரு சொல்லே. திரைப்படங்களிலும் அண்டை வீடுகளிலும் கண்டவையெல்லாம் அவர் கண்முன் வருகின்றன: கையில் ஏறும் மருந்துநீர், கொட்டும் தலைமயிர், ஓயாத வாந்தி, விற்கப்படும் வீட்டுமனை. "பிள்ளைகளுக்கு இருப்பதையும் அழிப்பதா?" என்று எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறார். திட்டு தடிப்பாகிறது, தடிப்பு கட்டியாகிறது. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவே: "ஐயா, புற்று தோலோடு நிற்கிறது. இதற்கு ஊசி வேண்டா. தோல்மேல் பூசும் புறமருந்தே போதும்."

புறமருந்து! புதிதாகப் படைத்த சொல்லா இது? நம் சித்த மருத்துவர் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று வகுத்துப் போந்தனர். உண்பது அகமருந்து, மேலே இடுவது புறமருந்து. "டாப்பிகல்" என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான சொல் நம் பாட்டிமார் வாயில் வழங்கி வந்தது. அதனை விட்டுவிட்டோம், அதனால் அஞ்சுகிறோம்.

இப்புறமருந்தின் வரலாறு வியப்புக்குரியது. 1917-இல், முதல் உலகப் போரில், செருமானியர் கடுகு வளி என்னும் நச்சினை எதிரிப் படைமீது ஏவினர். அதன் நாற்றத்தால் அப்பெயர் பெற்றதேயன்றி அதில் கடுகு இல்லை. அந்நச்சுப்பட்ட படைஞரின் குருதியில் வெள்ளணுக்கள் குறைந்தமையை மருத்துவர் கண்டனர். வெள்ளணுவைக் குறைக்கும் நஞ்சு, வெள்ளணு அளவின்றிப் பெருகும் நோய்க்கு மருந்தாகலாமே என்னும் எண்ணம் பின்னர் எழுந்தது. அவ்வளியின் இனமான, நைட்ரசன் சேர்ந்த மற்றொரு பொருளை, 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மேன், கில்மன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் நிணநீர்ப்புற்று நோயாளிக்கு ஊசிவழிச் செலுத்தினர். போர்க்கால மறைபொருளாக இருந்த அச்செய்தி 1946-இல் வெளிவந்தது. புற்றுக்கு வேதிமருந்து என்னும் துறையே அதிலிருந்து கிளைத்தது எனலாம். பின்னர் 1959-இல், கிளீவ்லாந்து நகர மருத்துவர் அப்பொருளை நீர்மமாக்கித் தோல் நிணநீர்ப்புற்றின் மேலேயே பூசி, நோய் தணிந்ததைப் பதிவு செய்தனர். கொல்லப் பிறந்தது குணப்படுத்தக் கற்றது!

மெக்ளோரெத்தமின் என்னும் அப்பொருள், பெருகும் அணுவின் மரபிழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைப்புண்ட அணு மேலும் பிரிந்து பெருக இயலாது மடியும். நோய் தோலளவில் நிற்கும்போது மருந்தும் தோலளவில் நின்றால் போதுமன்றோ? குருதியில் கலந்து உடல் முழுதும் சுற்றவேண்டிய தேவை இல்லை. அமெரிக்காவில் 260 தொடக்கநிலை நோயாளிகளிடம் இம்மருந்தைக் கூழ்க்களிம்பாகவும் பழைய களிம்பாகவும் பூசி ஆய்ந்தனர். 2013-இல் வெளிவந்த அவ்வாய்வில், கூழ்க்களிம்பு பூசியவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர்க்கு நோய் பாதியளவேனும் தணிந்தது. மருந்து குருதியில் தென்படவில்லை. அவ்வாண்டே அந்நாட்டரசு அதற்கு ஒப்புதல் வழங்கியது.

"பூச்சு மருந்து புற்றை என்ன செய்யும்? வலிய மருந்தே வேண்டும்" என்பார்க்கும் விடை உண்டு. அமெரிக்க ஆய்வாளர் 103 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குத் தொடக்கத்திலேயே உடல் முழுதும் கதிர்வீச்சும் பல மருந்துகள் கூட்டிய ஊசிவழி மருத்துவமும் அளித்தனர். மறுபிரிவினர்க்குப் பூச்சுமருந்தில் தொடங்கிப் படிப்படியாகப் பண்டுவம் செய்தனர். 1989-இல் வெளியான முடிவு யாது? வலிய பண்டுவம் பெற்றவர் துன்பம் மிகுதியாக உற்றனர். ஆனால் மற்றவரினும் நெடிது வாழவில்லை. ஆகவே புறமருந்து என்பது ஏழைக்குக் கிடைக்கும் இரண்டாந்தர மருந்தன்று; தொடக்கநிலைக்கு அதுவே தக்க மருந்துகளுள் ஒன்று.

தொடக்கநிலை என்பதை எப்படி அளப்பது? விரல்களோடு சேர்ந்த நம் உள்ளங்கைப் பரப்பு, உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. திட்டும் மெல்லிய தடிப்பும் மட்டுமே இருந்து, அவையெல்லாம் சேர்ந்து பத்து உள்ளங்கை அளவுக்குள் அடங்கி, நிணக்கணுக்களிலும் குருதியிலும் நோய் பரவாதிருப்பின் அது முதற்படி. அப்படியில் பண்டுவம் பெறுவோரின் வாழ்நாள், அதே அகவையினரான பிறர் வாழ்நாளினின்று குறைவதில்லை என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. நோய் மீண்டும் தலைகாட்டலாம். மீண்டும் பூசித் தணிக்கலாம். பத்து உள்ளங்கைக்குள் வருபவர்க்கும் கட்டி முற்றிய பின் வருபவர்க்கும் உள்ள வேறுபாடு, உயிரின் வேறுபாடு.

வள்ளுவப் பேராசான் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவார் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் வகுத்தார். இப்புறமருந்திற்கு அந்நான்கும் அப்படியே பொருந்துகின்றன.

நோயாளி செய்யத்தக்கன இவை. மருந்தை நாளுக்கு ஒருமுறை, ஈரமற்ற தோலில், நோயுற்ற இடத்தில் மட்டும் மெல்லிய படலமாகப் பூசவேண்டும். மிகுதியாகப் பூசின் மிகுதியான பயன் என்று எண்ணலாகாது, எரிச்சலே மிகும். பூசியபின் ஐந்து பத்து மணித்துளி உலரவிட்டு ஆடை அணிய வேண்டும். கூழ்க்களிம்பு தீப்பற்றும் இயல்பினது. உலரும்வரை அடுப்பருகே நிற்றலும் பீடி பற்றவைத்தலும் கூடா. பூசிய கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் உடனே கால்மணி நேரம் நீரால் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் விரையவேண்டும்.

உடனிருப்பவர் செய்யத்தக்கனவும் உள. முதுகில் பூசிவிடும் மனைவியோ மகளோ வெறுங்கையால் தொடலாகாது. மருத்துவர் சொல்லும் கையுறை அணிந்தே பூசவேண்டும். கருவுற்ற பெண்கள் இம்மருந்தைப் பூசிக்கொள்ளவும் கூடாது, பிறர்க்குப் பூசிவிடவும் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்க்கும் இது விலக்கு. மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில், குழந்தை கைக்கு எட்டாமல், உண்பொருளோடு கலவாமல் தனிப்பெட்டியில் வைக்கவேண்டும்.

மருந்தின் இயல்பையும் மறையாது சொல்லவேண்டும். தோல் சிவத்தல், எரிதல், ஒவ்வாமையால் கொப்புளித்தல் உண்டு. நான் சொன்ன ஆய்விலே கூழ்க்களிம்பு பூசியவருள் ஐவரில் ஒருவர் எரிச்சலால் நிறுத்த நேர்ந்தது. சிலர்க்குப் பூசிய இடம் கறுக்கும். நீண்டநாள் பூசுவோர்க்கு வேறுவகைத் தோற்புற்று தோன்றுகிறதா என்றும் பார்த்துவரல் வேண்டும். எரிகிறதென்று தாமே விட்டுவிடாமல், மருத்துவரைக் கேட்டு, இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கலாம்.

நான்காவதாகிய மருத்துவர்க்கு உரியது, எந்த மருந்து என்னும் தெரிவு. இம்மருந்து ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை. மேற்பார்வையோடு பூசும் இசுட்டீராய்டுக் களிம்பு, புறவூதா ஒளி ஆகியவையும் தொடக்கநிலைக்கு உரியவை. நோயின் பரப்பும், தோலின் இயல்பும், கிடைக்கும் மருந்தும் பார்த்து மருத்துவர் தெரிவு செய்வார்.

தோழர்களே, இங்கே நம்மவர்க்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். "புறமருந்து நம்முடையதாயின், நம் எண்ணெயும் நம் பச்சிலையும் போதாவா? அயலான் மருந்து எதற்கு?" என்று மொழிப்பற்று மிக்க இளைஞர் கேட்கக்கூடும். சொல் நம்முடையது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் எந்தப் பச்சிலைப் பூச்சும் இந்நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. சான்றில்லாததைத் தமிழின் பெயரால் சொல்வோமாயின், தமிழை நம்பிய ஒருவனின் பத்து உள்ளங்கைக் காலத்தை நாமே களவாடியவர் ஆவோம். நம் கார்போகரிசியில் உள்ள சொரலன் என்னும் பொருள் ஒளியோடு கூடித் தோலில் வினைபுரிவது. வெண்புள்ளிக்கு அதனை நம் முன்னோர் பயன்படுத்தினர். அவ்வினப் பொருளையும் புறவூதா ஒளியையும் சேர்த்துச் செய்யும் பண்டுவம் 1970-களிலிருந்து தோல் நிணநீர்ப்புற்றுக்கும் பயன்படுகிறது. அளந்த மருந்தும் அளந்த ஒளியும் கொண்டு மருத்துவமனையில் செய்வது அது. அதைக் கேட்டு, வீட்டில் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பவர் தோல் வெந்து போவர். முன்னோர் கண்ட பொருளைக்கூட அளந்து ஆய்ந்து பயன்கொள்வதே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பு.

தமிழில் இவற்றையெல்லாம் சொல்ல இயலுமா என்று இன்னும் ஐயுறுவோர்க்கு ஒரு பெயரைச் சொல்லி அமைகிறேன். அமெரிக்கரான மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்து, மானிப்பாயில் நம் மாணவர்க்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர்த் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு முதலிய துறைகளில் தமிழ்நூல்கள் ஆக்கினார். அவர் காலச் சொற்கள் வடசொல் மிகுந்தவையே. எனினும் முயற்சி தமிழ் முயற்சி. தம் நாடு திரும்பி மறைந்தபின், அவர் கல்லறையில் "தமிழர்க்கான மருத்துவத் தொண்டர்" என்னும் பொருள்படவே பொறிக்கப்பெற்றது. கடல்கடந்து வந்த ஒருவர்க்கு இயன்றது, இம்மண்ணிலே பிறந்து இம்மண்ணிலே மருத்துவம் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இயலாதா?

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, அனைவர்க்கும். மூடிய இடத்தில் ஆறாத திட்டு இருப்பின் காட்டுங்கள். காட்டும்போது மூன்று கேள்விகளைத் தமிழில் கேளுங்கள்: "இது என்ன நோய், துணுக்கு ஆய்வில் உறுதியாயிற்றா? எத்தனை உள்ளங்கை அளவு, எந்தப் படி? மருந்தை எங்கே, எவ்வளவு, எத்தனை திங்கள் பூசவேண்டும், எரிந்தால் என்ன செய்வது?" விளங்கும்வரை கேளுங்கள், கேட்பது நோயாளியின் உரிமை.

இரண்டாவது, தமிழ் கற்றோர்க்கு. ஒருபக்கத் தமிழ்த்தாள் ஒன்று எழுதுவோம். நான் சொன்ன குறிகளும், பூசும் முறையும், விலக்குகளும் எளிய தமிழில் அதில் இருக்கட்டும். மருத்துவர் ஒருவரிடம் காட்டிப் பிழை திருத்திய பின்னரே, பதனிடும் ஆலை வாயில்களிலும் பள்ளிகளிலும் அதனை ஒட்டுவோம். அதைப் படித்து ஒரே ஒரு தொழிலாளி, ஆடை மறைவில் இருக்கும் திட்டினை மருத்துவரிடம் காட்டுவாராயின், நாம் தமிழுக்குச் செய்த பணி அதுவே ஆகும்.